‘எல்லாம் முடிந்துவிட்டது’ என்கிறாள் மகள். நான் என்ன பதில் சொல்வது?

வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

“என் மகளுக்கு வயது பதினாறு. நன்றாகப் படித்துவந்தவள். கடந்த ஓராண்டாகக் காலநிலை மாற்றம் குறித்த செய்திகளையும் காணொளிகளையும் இரவு வெகுநேரம் விழித்திருந்து பார்க்கிறாள். ‘ஒன்றரை டிகிரியைத் தாண்டியாயிற்று, இனி யாராலும் எதுவும் செய்ய முடியாது, நான் படித்து என்ன ஆகப்போகிறது’ என்கிறாள். தேர்வுக்குத் தயாராவதில்லை, தூக்கமும் குறைந்துவிட்டது. நான் இயந்திரப் பொறியாளர். ‘காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சியெடுக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன, பத்து இருபது ஆண்டுகளில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும், கவலைப்படாதே’ என்று சொன்னேன். ‘நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அப்பா’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அதன் பிறகு என்னிடம் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிடலாம் என்கிறார் மனைவி. இளைஞர் காலநிலைக் குழு ஒன்றில் சேர அனுமதி கேட்கிறாள். கல்லூரியில் இயற்பியல் படிக்க விரும்பியவள், இப்போது எதையுமே படிக்க வேண்டாம் என்கிறாள். இது மனநோயா? உண்மையில் மனிதர்களால் இதை நிறுத்த முடியுமா, முடியாதா? அவளிடம் நான் என்ன சொல்ல வேண்டும்?”

மனநல ஆலோசகரின் பதில்:

அன்புள்ள ஐயா,

மகளின் தூக்கத்தைப் பற்றியும் தேர்வைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பின்னர் வருகிறேன். உலகத்தைப் பற்றி நீங்கள் கேட்ட கேள்விக்கே முதலில் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஏனென்றால், இவ்வளவு படித்திருக்கும் ஒரு பெண், தகவலில் பிழையுள்ள எந்த ஆறுதலையும் ஏற்கமாட்டாள். நீங்கள் அன்பினால்தான் அப்படிச் சொன்னீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும், நீங்கள் சொன்னது நடக்கக்கூடியதன்று என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு விஷயத்தில் அவள் சொன்னதுதான் சரி. அதே வேளையில், அவள் நம்புவதும் சரியன்று. உங்கள் வீட்டில் இருவரும் இரண்டு வெவ்வேறு தவறான நம்பிக்கைகளைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவே எங்கோ உண்மை இருக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். அது இவ்விரண்டையும் விட்டு விலகி, தனியே நிற்கிறது.

வேகத்தைக் குறைப்பது, நிறுத்துவது, பழைய நிலைக்குத் திருப்புவது

இவை மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். இவற்றை ஒன்றாகக் குழப்பிக்கொள்வதிலிருந்துதான், நான் சந்திக்கும் பலருடைய விரக்தியும், உங்களுடையது போன்ற மிகை நம்பிக்கையும் பிறக்கின்றன.

வேகத்தைக் குறைக்க முடியுமா என்பதற்கு விடை ‘முடியும்’ என்பது மட்டுமன்று. ஓரளவு அது நடந்தும் வருகிறது. புவி வெப்ப உயர்வைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட பாரிஸ் ஒப்பந்தம் உருவான 2015-ஆம் ஆண்டில், நாடுகள் அப்போதிருந்த போக்கிலேயே போனால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் புவியின் வெப்பநிலை தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட மூன்றரை டிகிரி செல்சியஸை ஒட்டி உயரும் என்ற கணிப்புகள் இருந்தன. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2025-ன் இறுதியில் வெளியிட்ட அறிக்கையின்படி, இன்றைய கொள்கைகள் அப்படியே தொடர்ந்தால் உயர்வு 2.8 டிகிரி அளவில் இருக்கும். நாடுகள் அறிவித்துள்ள உறுதிமொழிகள் முழுமையாக நிறைவேறினால் 2.3 முதல் 2.5 வரை இருக்கும். இது போதவே போதாது. 2.8 டிகிரி என்பது மிகக் கடுமையான உலகம். ஆனால் மூன்றரைக்கும் இரண்டே முக்காலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தானாக வந்ததன்று. சட்டங்கள், ஒப்பந்தங்கள், ஆய்வகங்கள், தொழிற்சாலைகள், வாக்குச்சீட்டுகள் ஆகியவற்றின் வழியாக மனிதர்கள் உண்டாக்கியது.

சூரிய மின்சாரத்தின் உற்பத்திச் செலவு 2010-லிருந்து ஏறத்தாழ 90 விழுக்காடு குறைந்திருக்கிறது. லித்தியம் மின்கலங்களின் விலையும் ஏறத்தாழ அதே அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2024-ல் உலகின் மின் உற்பத்தியில் 40 விழுக்காட்டுக்கும் சற்று மேல், நீர், அணு, காற்று, சூரியன் முதலிய கரிமம் குறைந்த மூலங்களிலிருந்து வந்தது. அதே ஆண்டில் உலகெங்கும் விற்பனையான புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேற்பட்டவை மின்னேற்றம் செய்து ஓட்டக்கூடியவை. இவற்றைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் மறைக்காதீர்கள். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து வெளியாகும் கரியமில வாயு ஆண்டுக்கு 3,700 கோடி டன்னைத் தாண்டி இன்னும் சிறிதுசிறிதாக ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த அந்த வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

இனி, நிறுத்த முடியுமா என்ற கேள்வி. உங்கள் மகள் அறியாத, அவளுக்கு மிகவும் தேவையான செய்தி இதில்தான் இருக்கிறது. நாம் இன்றே வாயு வெளியேற்றத்தை நிறுத்தினாலும் வெப்பம் இன்னும் பல பத்தாண்டுகள் தானாக ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்ற கருத்து நெடுங்காலமாகப் பரவியிருந்தது. இன்றும் பல காணொளிகள் அதையே சொல்கின்றன. ஐ.பி.சி.சி. எனப்படும் காலநிலை மாற்றத்திற்கான அரசுகளுக்கிடையேயான குழு 2021-ல் வெளியிட்ட மதிப்பீடு வேறு சித்திரத்தைத் தருகிறது. உலகின் கரியமில வாயு வெளியேற்றம் நிகர அளவில் பூஜ்யத்தை எட்டினால், அதாவது மனிதர்கள் வெளியேற்றும் அளவும் காற்றிலிருந்து நீக்கும் அளவும் சமமானால், அவ்வாயுவால் ஏற்படும் வெப்ப உயர்வும் ஏறத்தாழ அத்துடன் நின்றுவிடும். காரணம் எளியது. கடல் மெல்ல மெல்லச் சூடாவதால் வெப்பம் ஏறப் பார்க்கும். ஆனால் அதே கடலும் காடுகளும் காற்றிலுள்ள வாயுவைத் தொடர்ந்து உள்ளிழுப்பதால் வெப்பம் இறங்கப் பார்க்கும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. ஆகவே எதிர்கால வெப்பத்தின் பெரும்பகுதி ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது என்பது சரியன்று. அது இனி வெளியேற்றப்படப் போகும் வாயுவைப் பொறுத்தது. அந்த வாயு இன்னும் வெளியேறவில்லை.

அதே மதிப்பீடு ஒரு கணக்கையும் தருகிறது. ஒவ்வொரு லட்சம் கோடி டன் கரியமில வாயுவுக்கும் புவி ஏறத்தாழ 0.45 டிகிரி சூடாகிறது. இந்த உறவு ஏறக்குறைய நேர்கோடானது. இதன்படி, வெளியேற்றாமல் தவிர்க்கப்படும் ஒவ்வொரு டன்னும் கணக்கில் சேர்கிறது. ‘இனிமேல் பயனில்லை’ என்று சொல்லத்தக்க ஒரு புள்ளி இந்தக் கோட்டில் எங்கும் இல்லை.

மூன்றாவது, திருப்ப முடியுமா என்ற கேள்வி. ஐயா, இங்கேதான் உங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்தெடுக்கும் இயந்திரங்கள் உண்மைதான். ஐஸ்லாந்தில் 2024-ல் இயங்கத் தொடங்கிய ‘மாமத்’ நிலையம் முழுத் திறனில் ஆண்டுக்கு 36,000 டன் வாயுவை எடுப்பதற்காக வடிவமைக்கப்பட்டது. உலகம் அந்த அளவு வாயுவை ஏறத்தாழ முப்பது விநாடிகளில் வெளியேற்றிவிடுகிறது. வெப்பநிலையை ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு மட்டும் குறைக்க வேண்டுமென்றால்கூட, சுமார் 22,000 கோடி டன் வாயுவைக் காற்றிலிருந்து நீக்க வேண்டும். அது உலகின் ஏறத்தாழ ஆறு ஆண்டு வெளியேற்றத்துக்குச் சமம். நீக்கியதை மீண்டும் கசியாமல் நூற்றாண்டுகளுக்கு அடக்கியும் வைக்க வேண்டும். மரம் நடுவது நல்லதுதான். ஆயினும் மரம் தேக்கிவைக்கும் கரிமம் ஒரு காட்டுத்தீயில் திரும்பக் காற்றுக்கே போய்விடக்கூடும். பொறியாளரான உங்களுக்கு இந்த எண்களின் அளவை நான் விளக்க வேண்டியதில்லை. பத்து இருபது ஆண்டுகளில் பழைய நிலை என்பது நடவாது. வாயுவை நீக்கும் தொழில்நுட்பங்கள் தேவைதான். விமானம், சிமென்ட், வேளாண்மை போன்றவற்றில் தவிர்க்கவே முடியாமல் மிஞ்சும் வெளியேற்றத்தை ஈடுகட்ட அவை வேண்டும். எரிப்பதைத் தொடர்வதற்கான உரிமச்சீட்டாக அவற்றைக் கருதினால், அவை தீமையே செய்யும்.

கடன் வாங்கியவருக்கு இது எளிதில் விளங்கும்: மேலும் கடன் வாங்காமல் இருப்பது ஒரு முடிவு, வாங்கிய கடனை அடைப்பது ஒரு வாழ்நாள் வேலை. முதலாவதை மனித குலத்தால் செய்ய முடியும். இரண்டாவதை, நம் வாழ்நாளில் மிகச் சிறிய அளவுக்கு மேல் செய்ய முடியாது.

திரும்பாதவை வேறு சிலவும் உண்டு. கடல் மட்டம் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. வெப்பநிலை உயர்வு நின்ற பிறகும் அது நூற்றாண்டுக் கணக்கில் உயர்ந்துகொண்டே இருக்கும், வேகம் மட்டும் நம் செயலைப் பொறுத்தது. அழிந்த உயிரினம் மீளாது. உங்கள் மகளின் துயரத்தில் ஒரு பகுதி இந்த இழப்புகளுக்கானது. அது நியாயமான துயரம். அதைத் தவறென்று யாரும் திருத்த வேண்டியதில்லை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட முடியாது. மீத்தேன் வாயு காற்றில் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளே தங்குகிறது. எண்ணெய், எரிவாயுக் குழாய்களின் கசிவு, குப்பைமேடுகள், கால்நடைகள், நெல்வயல்கள் ஆகியவற்றிலிருந்து வெளியாகும் அதன் அளவைக் குறைத்தால், காற்றில் அதன் செறிவு சில ஆண்டுகளிலேயே இறங்கத் தொடங்கும். இன்றைய வெப்ப உயர்வில் ஏறத்தாழ அரை டிகிரி இந்த வாயுவால் வந்தது என்பதால் இது சிறிய செய்தியன்று. 2020-ன் அளவிலிருந்து 2030-க்குள் 30 விழுக்காடு குறைப்பதென 2021-ல் தொடங்கிய உறுதிமொழியில் 150-க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்திருக்கின்றன. செயல் அதற்கு வெகுதூரம் பின்னால் நிற்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சூரிய ஒளியைத் தடுத்துக் குளிர்விப்பது பற்றியும் நீங்கள் படித்திருக்கக்கூடும். 1991-ல் பிலிப்பைன்சில் பினட்டுபோ எரிமலை வெடித்தபோது மேலெழுந்த கந்தகத் துகள்கள் புவியை ஓரிரு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ அரை டிகிரி குளிர்வித்தன என்பது உண்மை. அதைச் செயற்கையாகத் தொடங்கி இடையில் நிறுத்தினால், அடக்கி வைத்த வெப்பம் முழுவதும் ஒருசேரத் திரும்பும். கடல் அமிலமாவதை அது தடுக்கவும் செய்யாது. மகளுக்கு நம்பிக்கையூட்டும் செய்தியாக இதைக் கொண்டுபோகாதீர்கள்.

ஒன்றரை டிகிரியைத் தாண்டியது எதைக் காட்டுகிறது

2024-ஆம் ஆண்டின் சராசரி வெப்பநிலை, தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதலாக இருந்ததாக உலக வானிலை அமைப்பு அறிவித்தது. உயர்வை ஒன்றரை டிகிரிக்குள் நிறுத்த முயல்வது என்ற பாரிஸ் ஒப்பந்தத்தின் இலக்கு ஓர் ஆண்டின் அளவைக் கொண்டு அளக்கப்படுவதன்று. பல ஆண்டுகளின் சராசரியைக் கொண்டு அளக்கப்படுவது. ஆனால் இந்த நுணுக்கத்தைக் காட்டி மகளிடம் வாதாடாதீர்கள். நீண்ட காலச் சராசரியும் அடுத்த பத்தாண்டுக்குள் அந்த அளவைத் தாண்டிவிடும் என்றே பெரும்பாலான அறிவியலாளர்கள் கருதுகின்றனர். அந்த உண்மையை ஒப்புக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

அவளுடைய பிழை, ஒன்றரை என்பதற்குப் பின்னால் எதுவும் இல்லை என்று எண்ணுவதில் இருக்கிறது. ஐ.பி.சி.சி. 2018-ல் வெளியிட்ட சிறப்பு அறிக்கை, ஒன்றரை டிகிரிக்கும் இரண்டு டிகிரிக்கும் இடையே என்ன வேறுபாடு என்பதைத்தான் ஆராய்ந்தது. ஒன்றரையில் வெப்பக்கடல் பவளத்திட்டுகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும். இரண்டில் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழியும். ஆர்க்டிக் கடல் கோடையில் பனியே இல்லாமல் போவது ஒன்றரையில் நூறாண்டுக்கு ஒருமுறை நிகழலாம். இரண்டில் பத்தாண்டுக்கு ஒருமுறையாவது நிகழலாம். அரை டிகிரிக்குள்ளேயே இவ்வளவு இருக்கிறது. ஒன்றரை தவறிவிட்டது என்றால் 1.6-க்காகப் போராட வேண்டும். அது தவறினால் 1.7-க்காக. ‘பன்னிரண்டு ஆண்டுகளே எஞ்சியுள்ளன’ என்று அந்த அறிக்கையை ஒட்டிப் பரவிய வாசகம், 2030-க்குள் வெளியேற்றத்தை ஏறத்தாழப் பாதியாக்க வேண்டும் என்ற இலக்கைத் திரித்துச் சொன்னது. அந்த ஆண்டு வந்ததும் உலகம் முடிந்துவிடும் என்று அறிவியலாளர்கள் எவரும் அந்த அறிக்கையில் எழுதவில்லை.

பனிப்பாறைகள் சரிவது, பெருங்கடல் நீரோட்டங்கள் தளர்வது, அமேசான் காடு புல்வெளியாவது போன்ற திரும்பமுடியாத திருப்புமுனைகளைப் பற்றி அவள் கேட்டால், அந்த ஆபத்துகள் உண்மையானவை என்றே சொல்லுங்கள். எந்த அளவில் எது நிகழும் என்பது துல்லியமாக வரையறுக்கப்படவில்லை. வெப்பம் ஏற ஏற வாய்ப்பும் ஏறுகிறது. ஒவ்வொரு பத்திலொரு டிகிரியையும் தவிர்ப்பதற்கு இதைவிட வலுவான காரணம் வேறில்லை.

மனிதர்கள் இணைந்து செயல்படுவார்களா

அறிவியல் ‘முடியும்’ என்கிறது. மனிதர்கள் செய்வார்களா என்பதே எஞ்சும் ஐயம். பதினாறு வயதுப் பிள்ளையின் நெஞ்சை உண்மையில் அரிப்பதும் அதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன். அவர்களுடைய அச்சத்துக்குக் கீழே, ‘பெரியவர்களுக்கு எங்கள் மேல் அக்கறையில்லை’ என்ற எண்ணம் உறைந்திருக்கிறது.

இதற்கு ஓசோன் படலத்தின் வரலாற்றைப் பலரும் சான்றாகக் காட்டுவார்கள். குளிர்பதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் இருந்த குளோரோஃபுளோரோகார்பன் வாயுக்கள் ஓசோனைச் சிதைக்கும் என்று வேதியியலாளர்கள் மோலினாவும் ரோலண்டும் 1974-ல் எழுதினர். அண்டார்டிகாவின் மேல் ஓசோன் மெலிந்திருப்பது 1985-ல் வெளியானது. அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை 1987-ல் கையெழுத்தானது. இந்த நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டிப் படலம் பெருமளவு மீண்டுவிடும் என்பதே இன்றைய மதிப்பீடு. உலக நாடுகள் ஒன்றுசேர முடியும் என்பதற்கு இது மறுக்க முடியாத சான்று. ஆயினும் அந்த வாயுக்கள் சில தொழில்களோடு மட்டுமே தொடர்புடையவை. புதைபடிவ எரிபொருள்களோ உலகின் மொத்த எரிசக்தியில் இன்றும் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கைத் தருகின்றன. ‘அதைச் சரிசெய்தோம், இதையும் சரிசெய்வோம்’ என்று ஒரே மூச்சில் சொன்னால் உங்கள் மகள் அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டிவிடுவாள்.

எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றும் சான்று பிரிட்டன். நிலக்கரியை எரித்து மின்சாரம் விற்கும் முதல் பொது நிலையம் 1882-ல் லண்டனில் திறக்கப்பட்டது. 2012-ல்கூட அந்நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடு நிலக்கரியிலிருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில் 40 விழுக்காடு பூஜ்யமாயிற்று. கரிமத்துக்கு விலை விதித்ததும், கடற்காற்றாலைகளில் முதலீடு செய்ததும், சட்டத்தில் இலக்கை எழுதியதும் சேர்ந்து அதைச் செய்தன. எரிவாயுவும் அதில் ஒரு பங்கு வகித்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. செல்வமும் தொழில்நுட்பமும் உள்ள நாடு என்பதால் எல்லா நாடுகளுக்கும் அதே வேகம் இயலாது. இருந்தும், இயலாத காரியம் என்று நேற்றுவரை சொல்லப்பட்ட ஒன்று நடந்தேறியிருக்கிறது.

இன்னொரு தகவலை நான் இத்தகைய இளையோரிடம் தவறாமல் சொல்வதுண்டு. 125 நாடுகளில் ஏறத்தாழ 1,30,000 பேரிடம் நடத்தப்பட்டு 2024-ல் வெளியான ஆய்வில், 89 விழுக்காட்டினர் தங்கள் அரசு இதில் இன்னும் கூடுதலாகச் செயல்பட வேண்டும் என்றனர். 69 விழுக்காட்டினர் தம் மாத வருமானத்தில் ஒரு விழுக்காட்டைத் தரவும் முன்வந்தனர். ஆனால் மற்றவர்களில் எத்தனை பேர் அப்படித் தருவார்கள் என்று கேட்டபோது, ஏறத்தாழ எல்லா நாட்டினரும் மிகக் குறைவாகவே மதிப்பிட்டனர். தாம் தனித்து நிற்பதாகப் பெரும்பான்மையினரே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் மகளும் அவர்களில் ஒருத்தி.

மகளிடம் பேசும் முறை

இது மனநோயா என்று கேட்டிருக்கிறீர்கள். காலநிலை குறித்த கவலை, தன்னளவில் நோயன்று. பத்து நாடுகளில் 16 முதல் 25 வயதுக்குட்பட்ட 10,000 பேரிடம் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வில், 59 விழுக்காட்டினர் இதைக் குறித்து மிகவும் அல்லது மிக மிகக் கவலைப்படுவதாகக் கூறினர். 45 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் அது தம் அன்றாட வாழ்வைப் பாதிப்பதாகச் சொன்னார்கள். உண்மையான ஆபத்தைக் கண்டு அஞ்சுவது மனத்தின் ஆரோக்கியமான இயக்கமே. அந்த அச்சம் தூக்கத்தையும் உணவையும் படிப்பையும் நாள்தோறும் விழுங்கத் தொடங்கும்போதுதான் உதவி தேவைப்படுகிறது. உங்கள் மகள் அந்த எல்லையை நெருங்கியிருக்கிறாள் என்று தோன்றுகிறது.

முதலில் அவளிடம் போய், ‘அன்று நான் சொன்னது சரியன்று, நீ சொன்னதில் உண்மை இருந்தது’ என்று சொல்லுங்கள். விளக்கமோ ‘ஆனால்’ என்ற சொல்லோ அதன் பின்னால் உடனே வர வேண்டாம். அவள் பேச முன்வந்தால், அவளுக்கு எது மிகவும் அச்சம் தருகிறது என்று கேட்டுக் குறுக்கிடாமல் கேளுங்கள். மேலே நான் எழுதியுள்ள தகவல்களை ஒரே நாளில் அவள் முன் கொட்டாதீர்கள். வெளியேற்றம் பூஜ்யத்தை எட்டினால் வெப்ப உயர்வும் ஏறத்தாழ நின்றுவிடும் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ‘இதை நான் இப்போதுதான் அறிந்தேன், சேர்ந்து சரிபார்ப்போமா’ என்று அழையுங்கள். ஐ.பி.சி.சி. அறிக்கைகளின் சுருக்கங்கள் எவரும் படிக்கும்படி இலவசமாகவே கிடைக்கின்றன. பொறியாளரான நீங்கள் எண்களைப் படிக்கக் கற்றுக்கொடுக்கலாம். எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் வாக்குறுதி தராதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றும் ஆற்றல் உங்களுக்கு இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் தன்னைக் குற்றவாளியாக நினைக்கிறாளா என்பதையும் கவனியுங்கள். உலகின் மிக அதிகம் வெளியேற்றும் பத்து விழுக்காட்டுக் குடும்பங்களே வீட்டு நுகர்வால் வரும் வெளியேற்றத்தில் 34 முதல் 45 விழுக்காட்டுக்குக் காரணம் என்கிறது ஐ.பி.சி.சி. பள்ளிப் பிள்ளை ஒருத்தி விளக்கை அணைக்க மறந்ததற்காக இரவெல்லாம் வருந்த வேண்டியதில்லை. தனிமனிதப் பழக்கங்கள் பயனற்றவை என்பது இதன் பொருளன்று. பயணம், உணவு, கட்டடம், பொருள் நுகர்வு ஆகியவற்றில் மக்கள் பயன்படுத்தும் முறையில் வரும் மாற்றங்கள், உரிய கொள்கைகளும் கட்டமைப்பும் துணையிருந்தால், 2050-க்குள் அத்துறைகளின் வெளியேற்றத்தை 40 முதல் 70 விழுக்காடு வரை குறைக்க முடியும் என்பதும் அதே குழுவின் மதிப்பீடுதான். கொள்கை இல்லாமல் பழக்கம் மட்டும் தனியாகப் போதாது.

கைப்பேசி, குழு, படிப்பு

கைப்பேசியைப் பிடுங்குவது உங்கள் மனைவியின் அக்கறையிலிருந்து வரும் யோசனை. ஆனால் அவள் உங்களிடமிருந்து ஏற்கெனவே விலகியிருக்கும் நேரத்தில் அது விலகலை ஆழமாக்கும். தூக்கம் காக்கப்பட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். வீட்டிலுள்ள எல்லாருடைய கைப்பேசிகளும் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பிறகு படுக்கையறைக்கு வெளியே இருக்கும் என்று, உங்களையும் சேர்த்தே விதி செய்யுங்கள். செய்தி பார்க்கப் பகலில் ஒரு நேரத்தை அவளே தேர்ந்துகொள்ளட்டும்.

இளைஞர் குழுவில் சேரக் கேட்பதை நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன். எதுவும் முடியாது என்று முழுமையாக நம்பும் ஒருத்தி குழுவில் சேரக் கேட்கமாட்டாள். குழந்தைகள் தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், அது மதிக்கப்படவும் உரிமையுண்டு என்கிறது 1989-ன் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு. அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழு 2023-ல், சுற்றுச்சூழலும் காலநிலை மாற்றமும் குறித்தே உடன்படிக்கையை விளக்கும் தனி வழிகாட்டுக் குறிப்பு ஒன்றை வெளியிட்டிருக்கிறது. இளையோர் குழுக்களால் என்ன ஆகும் என்று நீங்கள் ஐயுறலாம். காலநிலை குறித்து நாடுகளின் கடமை என்ன என்று பன்னாட்டு நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் எனப் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சட்டக்கல்லூரி மாணவர்கள் சிலர் 2019-ல் தொடங்கிய முயற்சியை, அப்பகுதித் தீவு நாடான வனுவாட்டுவின் அரசு ஏற்றெடுத்தது. 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அதைத் தீர்மானமாக்கியது; 2025 ஜூலை 23 அன்று, காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டப்பூர்வக் கடமை என்று பன்னாட்டு நீதிமன்றம் ஒருமனதாக ஆலோசனைக் கருத்து வழங்கியது. அக்கருத்து எந்த நாட்டையும் நேரடியாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் உலகெங்கும் நீதிமன்றங்களில் அதை எடுத்துக்காட்டி வாதாட முடியும்.

அனுமதிக்குமுன் சிலவற்றை விசாரியுங்கள்: குழுவைப் பொறுப்பான பெரியவர்கள் யாரேனும் வழிநடத்துகிறார்களா, கூட்டங்கள் எங்கே நடக்கின்றன, போராட்டங்களுக்கு முறையான அனுமதி பெறப்படுகிறதா. மறியல், அத்துமீறி நுழைதல் போன்றவற்றில் பிடிபட்டால் சிறார் மீதும் நடவடிக்கை வரக்கூடும். இதில் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், உங்கள் பகுதி வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு, வரம்பை மகளிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். குழுவுக்குப் போய்வந்த பின் அவள் தெம்பாக இருக்கிறாளா, மேலும் சோர்ந்திருக்கிறாளா என்பதைச் சில வாரங்கள் கவனியுங்கள். அச்சத்தையே நாள்தோறும் ஊதிப் பெருக்கும் குழுக்களும் உண்டு. அப்படியென்றால் வேறு குழுவைத் தேட உதவுங்கள்.

படிப்பைப் பொறுத்தவரை, இயற்பியல் படித்தால் மின்கலங்களிலும் மின்வலையமைப்பிலும் கடல் ஆய்விலும் பங்களிக்கலாம் என்று அவளுக்குச் சொல்வது தவறன்று. ஆனால் அதை ஒரு கடமையாக அவள் மேல் சுமத்தாதீர்கள். உலகைக் காப்பாற்றுவதற்காகவே ஒரு பிள்ளை படிக்க வேண்டும் என்பது, படிப்பதே வீண் என்பதைப் போலவே பாரமானது. அவளுக்கு இயற்பியல் பிடித்திருந்தது. அந்த ஒரு காரணமே அவள் படிக்கப் போதுமானது. இந்தத் தேர்வைத் தள்ளிப்போட வேண்டிய நிலை வந்தால் பள்ளியுடன் பேசித் தள்ளிப்போடலாம். அதனால் பெரிய இழப்பு ஒன்றும் நேர்ந்துவிடாது.

எப்போது காத்திருக்கக் கூடாது

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை தொடர்ந்தாலோ, உணவு குறைந்தாலோ, நண்பர்களையும் முன்பு விரும்பிய செயல்களையும் முற்றிலும் தவிர்த்தாலோ, குழந்தைகளுடனும் பதின்வயதினருடனும் பணியாற்றும் மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். சந்திப்பின் ஒரு பகுதியில் அவள் தனியாகப் பேச இடங்கொடுங்கள். அவள் சொன்னதையெல்லாம் உங்களிடம் ஒப்பிக்க வேண்டும் என்று ஆலோசகரை வற்புறுத்தாதீர்கள். உலகத்தைப் பற்றிய பேச்சிலிருந்து ‘நான் இருந்து என்ன பயன்’ என்று தன்னைப் பற்றிய பேச்சுக்கு அவள் நகர்ந்தால், அதைக் காலநிலைக் கவலை என்று எண்ணிக் காத்திருக்க வேண்டாம். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ‘ஆம்’ என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, அவளைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.